கேமுக்கும் காசு, அதை வைக்கிற இடத்துக்கும் காசா? (பிஎஸ்5 நிரம்பிவிட்டது)

செந்தூல்காரன்

வணக்கம். வீட்டில் இருப்பது முதலில் வந்த பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின்), 825 ஜிபி மாடல். பெட்டியில்தான் 825, நமக்குக் கிடைப்பது 667 ஜிபிதான், மிச்சம் சிஸ்டத்துக்கே போய்விடுகிறது. அதில் தம்பியின் கால் ஆஃப் டியூட்டி ஒரு மூலையை வளைத்துப் போட்டிருக்கிறது, என்னுடைய ஃபுட்பால் ஒன்று, மாமா மகன் வந்தால் மட்டும் திறக்கிற ரெஸ்லிங் ஒன்று, இன்னும் முடிக்காமல் கிடக்கிற கதை கேம்கள் சில.

சம்பளம் வந்ததும் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று ஸ்டோருக்குள் போனேன். விலை முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் கீழே. மனசைத் தேற்றிக்கொண்டு வாங்கப் போனால் 100 ஜிபிக்கு மேல் இடம் வேண்டுமாம். எதையாவது அழித்தால்தான் முடியும். தம்பியுடையதை அழித்தால் வீட்டில் சண்டை, என்னுடையதை அழித்தால் மறுபடி இறக்க வேண்டும், எங்கள் ஃப்ளாட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் லைன், முழு வேகம் கிடைத்தாலே 100 ஜிபி இறங்க ரெண்டே கால் மணி நேரம் ஆகும், முழு வேகம் எங்கே கிடைக்கிறது?

லோயாட் (கேஎல்லில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற மால்) பக்கம் ஒரு கடையில், இடத்தைக் கூட்ட உள்ளே மாட்டுகிற 2 டிபி எஸ்எஸ்டி விலை கேட்டேன். மாட்டிக் கொடுக்கக் கூலி தனி. எல்லாம் சேர்த்தால் இன்னும் ரெண்டு மூன்று கேம் வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

ஆக, கேட்க வந்தது இதுதான். கேம் வாங்கும்போது இந்த இடத்துக்கான செலவையும் விலையில் சேர்த்துப் பார்க்கிறீர்களா, இல்லை நான்தான் கஞ்சத்தனமாக யோசிக்கிறேனா? டவுன்லோடுக்குப் பதில் தட்டு (டிஸ்க்) வாங்கினால் லாபமா? எஸ்எஸ்டி இப்போதே வாங்கலாமா, விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா?

ஜெலுத்தோங்_ஸ்க்ரூடிரைவர்

தம்பி, முதலில் அந்தக் கூலியைக் கொடுக்காதே. ஸ்க்ரூ பிடிக்கத் தெரிந்த யாரும் செய்கிற வேலை அது.

கன்சோலை முழுக்க அணைத்து, வயரை எல்லாம் பிடுங்கிவிட்டுப் படுக்கவை. வெள்ளை மூடியின் மூலையைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஃபேனுக்குப் பக்கத்தில் நீளமாக ஓர் உலோகத் தகடு இருக்கும், அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. தகட்டை எடுத்தால் உள்ளே 110, 80, 60, 42, 30 என்று எழுதிய ஓட்டைகள் தெரியும். கடையில் விற்பது பெரும்பாலும் 2280 அளவு (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்), அதனால் குட்டி வளையத்தை 80 என்று போட்டிருக்கும் ஓட்டைக்கு மாற்றிவை. எஸ்எஸ்டியைச் சாய்த்துச் செருகி, மெதுவாக அழுத்திப் படுக்கவைத்து, ஸ்க்ரூவைப் பிடி. ரொம்ப இறுக்காதே. திரும்ப ஆன் செய்தால் ஃபார்மட் செய்யவா என்று அதுவே கேட்கும். 2021 செப்டம்பர் அப்டேட்டிலிருந்தே இந்த வசதி எல்லோருக்கும் இருக்கிறது, ஆனாலும் கடைக்காரர்கள் என்னவோ ஆபரேஷன் செய்கிற மாதிரிதான் பேசுவார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: ஜென்4 என்விஎம்இ (எஸ்எஸ்டியில் வேகமான வகை, பெட்டியிலேயே எழுதியிருக்கும்), படிக்கும் வேகம் விநாடிக்கு 5,500 எம்பியாவது இருக்கட்டும் என்று சோனி சொல்கிறது, சூட்டை இழுக்கிற உலோகப் பட்டை, அதாவது ஹீட்சிங்க், கட்டாயம்.

அதற்கும் காசு இல்லையென்றால் அலமாரியில் கிடக்கிற பழைய யூஎஸ்பி ஹார்டுடிஸ்க்கைத் தேடு. பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே விளையாடலாம். பிஎஸ்5 கேம்கள் அதிலிருந்து ஓடாது, ஆனால் அங்கே நகர்த்தி வைத்துவிட்டு வேண்டும்போது உள்ளே கொண்டுவரலாம். மறுபடி இறக்குவதைவிட அது எவ்வளவோ மேல். அப்புறம் கேமை அழித்தால் சேவ் (விளையாடி வந்த கட்டம்) போகாது, தம்பியிடம் அதையும் சொல்லிவை.

தட்டுப்பிரியன்

விலையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. நான் இன்றுவரை டிஜிட்டலில் முழு விலை கொடுத்து எதையும் வாங்கியதில்லை. தட்டாக வாங்குவேன், முடித்ததும் ஃபேஸ்புக் குழுவிலோ முடா என்ற விற்பனைத் தளத்திலோ போட்டுவிடுவேன். புதிதாக வந்த சூட்டோடு விற்றால் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பி வரும். எல்ஆர்டி ஸ்டேஷனில் நின்று கைக்குக் கை மாற்றிக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் எனக்கு ஒரு கேம் என்பது அறுபது எழுபது வெள்ளி வாடகை, அவ்வளவுதான். டிஜிட்டலில் வாங்கினால் அந்தக் காசு போனது போனதுதான், விற்கவும் முடியாது, நண்பனுக்குக் கொடுக்கவும் முடியாது, அதற்கு வரி வேறு (வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 2020-ல் 6 விழுக்காடு, 2024 மார்ச்சிலிருந்து 8).

ஒன்று மட்டும் தெரிந்துகொள். தட்டு வாங்கினால் இடம் மிச்சமாகும் என்று நினைத்தால் அது நடக்காது. பிஎஸ்5-ல் தட்டு கேமும் முழுசாக உள்ளே இறங்கித்தான் ஓடும். அதற்குப் பிறகு தட்டு உள்ளே இருப்பது, வைத்திருப்பவன் நீதான் என்பதற்கு அத்தாட்சியாக மட்டும்தான். டவுன்லோட் நேரம் மிச்சம், அதுவும் அப்டேட் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது.

பாகான்_அக்கா

நான் பட்டர்வொர்த். என் மகனுக்கு நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் மெஷின் வாங்கிக் கொடுத்தோம், அதனால் இதில் எனக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

கார்ட்டாக வாங்கினால் பிரச்சினை இல்லை என்று நினைத்து ஒரு கடையில் கேம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து செருகினால் டவுன்லோட் ஆரம்பித்துவிட்டது. கேம்-கீ கார்ட் என்று இருக்கிறதாம், கார்டுக்குள் வெறும் சாவிதான், கேம் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இறக்கிய பிறகும் கார்டைச் செருகினால்தான் ஓடும். டவுன்லோட் தொல்லையும் நமக்கு, கார்டைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் நமக்கு! பெட்டியின் முன்பக்கம் கீழே சாவி படம் போட்டு எழுதியிருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? இதைக் கேட்டதற்கு "இப்போ எல்லாம் அப்படித்தான் கா" என்று பதில்.

ஸ்விட்ச் 2-ல் இருப்பது 256 ஜிபி. பழைய ஸ்விட்ச்சில் கிடந்த மெமரி கார்டை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதுவும் ஆகாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்று புது வகைதான் கேம் ஓட்ட எடுக்கும். எல்லா கேமும் இப்படி இல்லை என்று பிறகு மகன் சொன்னான். சைபர்பங்க் மாதிரி பெரிய கேமையே முழுசாக 64 ஜிபி கார்ட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஆக மனசிருந்தால் முடியும்.

தம்பி, நீ கஞ்சன் இல்லை. வீட்டுச் செலவு பார்க்கிற யாரும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

கோடு_எழுதுபவன்

மென்பொருள் வேலையில் இருக்கிறேன், கேம் கம்பெனி இல்லை. ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு 4கே டெக்ஸ்சர் (துல்லியமான படங்கள்), பல மொழிகளில் குரல் என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமின் கதையைப் பாருங்கள். பிசியில் அது 154 ஜிபி அளவுக்கு வீங்கிக் கிடந்தது, அதே கேம் கன்சோலில் 35 ஜிபி பக்கம். என்ன விஷயம் என்றால், சுழல்கிற பழைய ஹார்டுடிஸ்க்கில் தேடுகிற நேரத்தைக் குறைக்க ஒரே ஃபைலைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தார்கள். 2025 கடைசியில் அந்த நகல்களை எடுத்துப் போட்டதும் 23 ஜிபியில் வந்து நின்றது. ஹார்டுடிஸ்க்காரர்களுக்குக்கூட லோடு ஆக எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதாகக் கூடவில்லை.

அதாவது 130 ஜிபி, யாருக்கும் உதவாமல், அத்தனை பேர் வீட்டிலும் உட்கார்ந்திருந்தது. இடம் அவர்கள் காசில் இல்லையே, அதனால் யாருக்கும் அவசரம் இல்லை. கேட்கக் கேட்கத்தான் செய்தார்கள். அதனால் செந்தூல்காரரே, இடச் செலவை விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 100 ஜிபி கேம் என்றால் உங்கள் 667-ல் ஏழில் ஒரு பங்கு வாடகைக்குப் போகிறது.

இன்னொன்று, விலைக்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. மரியோ கார்ட் வேர்ல்ட் 25 ஜிபிக்குள்தான், ஆனால் அமெரிக்க விலை 80 டாலர்.

ஆயர்_ஈத்தாம்_வாசி

எல்லோரும் கம்பெனியைத் திட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 2023-ல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் சரியாக மறைக்காமல் விட்ட ஆவணங்களில் லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 என்ற சோனி கேமுக்கு ஆன செலவு சுமார் 220 மில்லியன் டாலர் என்று வெளியே வந்தது. 60 டாலர் என்ற விலை சுமார் பதினைந்து வருஷம் நகரவே இல்லை, 2020-ல்தான் 70 ஆனது. அவர்களும் எங்கிருந்தாவது எடுக்கத்தானே வேண்டும்? தொண்ணூறுகளில் கேட்ரிட்ஜ் விலையைப் பணவீக்கத்தோடு கணக்குப் பார்த்தால் இப்போது மலிவு என்றுகூடச் சொல்லலாம்.

தட்டுப்பிரியன்

@ஆயர்_ஈத்தாம்_வாசி அந்தப் பணவீக்கக் கணக்கு அமெரிக்காக்காரனுக்கு. தொண்ணூறுகளில் இங்கே யார் அந்த விலை கொடுத்து வாங்கினோம்? பிஎஸ்2 காலத்தில் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) பத்து வெள்ளிக்குள் திருட்டு நகல் தட்டு கிடைக்கும், பிளாஸ்டிக் உறையில் மங்கலான கலர் பிரிண்ட் படத்தோடு, மெஷினில் சிப் மாற்றி வைத்திருப்போம். அது சரி என்று சொல்லவில்லை. அந்த விலையிலிருந்து முந்நூறுக்கு வந்தவர்களிடம் போய் மலிவாகிவிட்டது என்று சொன்னால் எப்படி எடுபடும் என்றுதான் கேட்கிறேன்.

சம்பளத்தையும் பாருங்கள். இங்கே குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்றால் முந்நூறு வெள்ளி கேமுக்கு நாலு நாளைக்கு மேல் உழைக்க வேண்டும். அமெரிக்காவில் மணிக்கு 7.25 டாலர் என்ற அடிமட்டக் கூலிக்காரனுக்கே 70 டாலர் கேம் பத்து மணி நேர வேலை.

வாங்காமல் இருந்தால் இறங்கி வருவார்கள் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் 2025-ல் புது கேம்களுக்கு 80 டாலர் என்று அறிவித்தார்கள், அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2-க்கு அந்த விலையே போட்டார்கள், எல்லோரும் கத்தியதும் ஜூலையிலேயே 70-க்குத் திரும்பிவிட்டார்கள்.

ஆயர்_ஈத்தாம்_வாசி

சம்பளக் கணக்கு நியாயம்தான், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் அதற்காக முந்நூறு வெள்ளி கேமை மட்டுமே கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? சில்க்சாங் என்ற கேம் வந்தது 20 டாலருக்கு, வந்த அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டோர்களே தடுமாறின. எக்ஸ்பெடிஷன் 33 என்ற இன்னொரு கேம் வெளியான விலை 50 டாலர். நல்ல கேம் எல்லாம் 80 டாலராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிசி இருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வெள்ளியிலேயே விலை போட்டிருப்பார்கள், பல கேம்கள் டாலரை மாற்றிப் பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

செந்தூல்காரன்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாகான் அக்கா, ஆதரவுக்கு நன்றி.

இப்போதைக்கு முடிவு இது. அந்தப் புது கேமை இப்போது வாங்கப் போவதில்லை, தட்டு கைமாறி வரட்டும். ரெஸ்லிங்கைப் பழைய ஹார்டுடிஸ்க்கில் தள்ளிவிட்டேன். கால் ஆஃப் டியூட்டியில் கேம்பெயினை (தனியாக விளையாடும் கதைப் பகுதி) மட்டும் தனியாக அழிக்க முடிகிறது, தம்பி அதைத் தொடுவதே இல்லை, அதில் கிடைத்த இடம் கொஞ்சநஞ்சமில்லை.

எஸ்எஸ்டிதான் இன்னும் குழப்பம். விலை இறங்குமா?

கோடு_எழுதுபவன்

சீக்கிரம் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராமும் எஸ்எஸ்டியும் ஏறுமுகம். க்ரூஷியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கட்டாயம் தேவை என்றால் 1 டிபி போதுமா என்று யோசியுங்கள். இருக்கிறதைவிட ஒன்றரை மடங்கு கூடுதலாகக் கிடைக்கும், 2 டிபிக்குப் போகிற காசும் மிச்சம்.

செந்தூல்காரன்

அப்படியானால் 1 டிபி. ஜெலுத்தோங் அண்ணே, ஹீட்சிங்க் ஒட்டியே வருவதை வாங்கட்டுமா, தனியாக வாங்கி ஒட்டட்டுமா? தனி என்றால் கொஞ்சம் மலிவாக இருக்கிறது.

ஜெலுத்தோங்_ஸ்க்ரூடிரைவர்

ரெண்டும் ஓடும். தனியாக வாங்கினால் உயரத்தைப் பார், ஹீட்சிங்க்கோடு சேர்த்து மொத்தம் 11.25 மிமீயைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அந்தத் தகடு மூடாது. பிசிக்கு என்று விற்கிற சிலது மலை மாதிரி இருக்கும், அதை எடுத்துவிடாதே. மாட்டும்போது சந்தேகம் வந்தால் படம் எடுத்து இங்கே போடு, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்.