நாய் காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது, என்ன சொட்டு மருந்து விடலாம்? அவசரம்

தோட்டத்துவீடு (ஞாயிறு, இரவு 10.40)
3 நாளாகச் சொறிகிறது, தலையை உதறுகிறது. ராத்திரி யாரும் தூங்கவில்லை. காதில் நாற்றம். டாக்டரைப் பார்க்க நாளைக்குத்தான் முடியும். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாதிரி ஒரு மருந்துப் பேர் சொல்லுங்கள், ப்ளீஸ்.

மீனா அக்கா (10.52)
என்ன நாய், எத்தனை வயது? ஒரு காதா, இரண்டுமா? உள்ளே என்ன நிறத்தில் இருக்கிறது? முன்பு வந்திருக்கிறதா? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது தம்பி.

உண்ணிவேட்டை (10.55)
உண்ணிதான். டார்ச் அடித்துக் காது மடலின் ஓர மடிப்பை விரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு நாய்க்கு அந்தச் சின்ன மடிப்புக்குள் மட்டும் 11 இருந்தன.

தோட்டத்துவீடு (11.03)
லேப் (லாப்ரடார்), 4 வயது. இரண்டு காதும், வலது அதிகம். உண்ணி இல்லை, பார்த்துவிட்டேன். பழுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்து விடச் சொல்கிறார்கள். விடலாமா?

பழையகை (11.10)
விடாதீர்கள். இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்திருக்கிறது, கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம். சரி, இன்னொரு முறை சொல்கிறேன். நாயின் காதுக்குழாய் ‘ட’ எழுத்து மாதிரி. நேராகக் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கம் திரும்பும். எண்ணெய் விட்டால் அந்த மூலையில் போய்த் தேங்கும். ஈரமும் அழுக்கும் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். பட்ஸ் விட்டால் அழுக்கை இன்னும் உள்ளே தள்ளுவீர்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புண்ணான தோலில் எரியும். மருந்துப் பேர் ஏன் சொல்லவில்லை என்றால், செவிப்பறை கிழிந்திருக்கும்போது ஜென்டாமைசின் மாதிரியான மருந்து உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனே போகலாம். கருவி வைத்து உள்ளே பார்க்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

கோவைலேப் (11.18)
சிக்கனை நிறுத்துங்கள் ப்ரோ. எங்கள் லேபுக்கு 2 வருடம் காது மாறி மாறி வந்தது. சிக்கனை நிறுத்திய பிறகு வரவே இல்லை.

மீனா அக்கா (11.26)
உணவு ஒவ்வாமை காதில் வந்து நிற்பது உண்மைதான். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஒவ்வாமையைத் தேடத்தான் வேண்டும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் 8 வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். இன்று நிறுத்தினால் நாளைக்குக் காது ஆறாது.
தம்பி, வாடை எப்படி? புளித்த இட்லி மாவு மாதிரியா, அழுகிய வாடையா? தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா? காது மடல் உப்பியிருக்கிறதா? தண்ணீரில் இறங்குகிற நாயா?

சிப்பிப்பாறைக்காரன் (11.31)
லேப் வளர்த்தால் இதெல்லாம் வரும். நம் வெயிலுக்கு அது ஏற்ற நாயே இல்லை. நாட்டு நாய்க்குக் காது நோயே வராது.

ராஜபாளையம்வீடு (11.38)
வராது என்று சொல்லாதீர்கள், நம்பி யாராவது பார்க்காமல் விட்டுவிடுவார்கள். என்னிடம் இருப்பது ராஜபாளையம், காது மடிந்துதான் தொங்கும். போன மழைக்காலத்தில் இரண்டு காதிலும் சீழ். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

சிப்பிப்பாறைக்காரன் (11.44)
அது பிறவிக் குறை, இங்கே பேசுகிற நோய் இல்லை. 9 வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு நாளும் காதுக்காக டாக்டரிடம் போனதில்லை.

ராஜபாளையம்வீடு (11.47)
உங்கள் ஒரு நாயை வைத்து எல்லா நாட்டு நாய்க்கும் சொல்ல முடியாது அண்ணா.

பழையகை (11.50)
இதற்குத் தனி இழை தொடங்குங்கள் இருவரும். கேட்டவர் நாய் வலியில் இருக்கிறது.

தோட்டத்துவீடு (திங்கள், காலை 6.15)
தூங்கிவிட்டேன், மன்னிக்கவும். புளித்த மாவு வாடைதான். தலை சாயவில்லை, நடை சரியாக இருக்கிறது, மடலும் வீங்கவில்லை. தினமும் பம்புசெட் தொட்டியில் குதிக்கும், அதைச் சொல்லத் தோன்றவில்லை. போன வருடமும் வந்தது. அப்போது மிஞ்சிய மருந்து இருந்தது, சனிக்கிழமை 4 சொட்டு விட்டேன்.

மீனா அக்கா (6.30)
இனி ஒரு சொட்டும் விடாதீர்கள். அந்தப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். காது அழுக்கை ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் டாக்டர் எனக்கே ஒரு முறை காட்டினார். நடுவில் இடுங்கிய நிலக்கடலை மாதிரி குட்டிக் குட்டியாகக் கும்பலாகத் தெரிந்தது. அது மலசீசியா என்கிற ஈஸ்ட். தோலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும், ஈரமும் ஒவ்வாமையும் சேர்ந்தால் பெருகிவிடும். பாக்டீரியா என்றால் மருந்து வேறு. பெரும்பாலும் குட்டிகளுக்கு வரும் காதுப் பூச்சி என்றால் அழுக்கே காய்ந்த காபித்தூள் மாதிரி இருக்கும். உங்களுடையது ஈஸ்ட் மாதிரித் தோன்றுகிறது, ஆனாலும் வாடையை மட்டும் நம்பி மருந்து போடக்கூடாது.

உண்ணிவேட்டை (சனி)
என்ன ஆயிற்று?

தோட்டத்துவீடு (ஞாயிறு)
ஈஸ்ட்தான். செவிப்பறைக்கு ஒன்றும் இல்லை. 14 நாள் மருந்து, காது கழுவ ஒரு திரவம். சொறிவது 3 நாளிலேயே நின்றுவிட்டது, மருந்தை நிறுத்திவிடலாமா? கழுவுவதுதான் பெரிய பாடு, தலையை உதறி எல்லாவற்றையும் என் மேல் அடிக்கிறது.

மீனா அக்கா (ஞாயிறு)
நிறுத்தாதீர்கள். 14 நாளும் விட்டு, திரும்ப ஒரு முறை ஸ்லைடு பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். போன வருடமும் பாதியில் விட்டதால்தான் மருந்து மிஞ்சியிருக்கிறது என்று நினைக்கிறேன். கழுவும்போது காது நிறைய விட்டு, மடலுக்குக் கீழே அடிக்காதை விரலால் அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக்கென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் அந்த மூலைக்குத் திரவம் போய்விட்டது. அப்புறம் உதறவிடுங்கள், உதறினால்தான் அழுக்கு மேலே வரும். வந்ததைப் பஞ்சால், விரல் எட்டும் அளவுக்கு மட்டும் துடையுங்கள். ஆறிய பிறகும் தொட்டியிலிருந்து ஏறியதும் துண்டால் காதைத் துடைப்பதை விட்டுவிடாதீர்கள்.

தோட்டத்துவீடு (2 வாரம் கழித்து)
ஸ்லைடு சுத்தம். துண்டு பம்புசெட் கொடியிலேயே தொங்குகிறது. நன்றி அக்கா.