வெளிநாட்டுல வளர்ற நம்ம வீட்டுப் பிள்ளைங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ராயபுரம் மாமா
அக்கா குடும்பம் நியூயார்க் குயின்ஸ்ல. அக்கா வீட்டுக்காரர் ஹோட்டல் சமையல்கட்டுல வேலை, ஐ.டி. இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். பையன் ஸ்கூல் விட்டதும் 'சாயா'வுக்குப் போவான். டீ இல்லீங்க, தெற்காசியப் பிள்ளைங்களுக்காக 1996ல குயின்ஸ்ல ஆரம்பிச்ச அமைப்பு. அங்க சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்குத் தெரியும்.

போன ஜூலை லீவுக்கு வந்திருந்தாங்க. பழைய பாஸ்புக் விஷயமா பேங்குக்குப் போனோம். கவுண்டர்ல இருந்த அம்மா "இன்னா வோணும்?"னு கேட்டதுதான் தாமதம், பன்னெண்டு வயசுப் பையன் அக்காவைக் கையால பின்னால ஒதுக்கிட்டு முன்னாடி வந்து நின்னான். முதுகை நிமித்திக்கிட்டு, "எங்க அம்மா என்ன கேக்கறாங்கன்னா..."ன்னு தட்டுத் தடுமாறி ஆரம்பிச்சான். கியூவே சிரிச்சுது. அக்கா, "டேய், இது நம்ம ஊருடா, நானே பேசிக்கறேன்"னா. காது ரெண்டும் செவந்து போச்சு அவனுக்கு.

அங்க ஆஸ்பத்திரி, வீட்டு ஓனர், ஸ்கூல் மீட்டிங் எல்லாத்துக்கும் எட்டு வயசுலேர்ந்து அவன்தான் அக்காவுக்கு வாய். எனக்கு அப்பதான் தெரியும். சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

கொருக்குப்பேட்டை 21
அமெரிக்கா போனவன் பிள்ளைக்கு சென்டர், பாஸ்கட்பால். இங்க எங்க தெருப் பசங்க விளையாடற கிரவுண்டுக்குப் பூட்டு. இதுக்கு ஒரு திரெட்!

வியாசர்பாடிக்காரி
21, ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடறீங்க? ஊர் மாறின பிள்ளைங்க கஷ்டம் எங்க வீட்டுக்குத் தெரியும். பர்மாவுல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் தாத்தா 1965ல ரங்கூன்லேர்ந்து கப்பல் ஏறினார். அப்பாவுக்குப் பத்து வயசு. பர்மிய பாஷைல சண்டையே போடுவார், தமிழ் எழுத வராது. கிளாஸ்ல அவர் பேரே 'பர்மாக்காரன்'. சென்டரும் இல்ல ஒண்ணும் இல்ல, அத்தோ விக்கற பர்மா நூடுல்ஸ் கடைக்குப் பின்னாடி ஒரு அண்ணன் உக்கார வெச்சு அ, ஆ போட்டுக் குடுத்தாராம். இன்னிக்கும் சில்லறையை 'தித், ஹ்னித்'னுதான் எண்ணுவார். கேட்டா இல்லவே இல்லம்பார்.

கொருக்குப்பேட்டை 21
நான் கிரவுண்டைப் பத்திச் சொன்னேன். நீங்க கப்பல் ஏறிட்டீங்க.

மணலி வாத்தியார் (ஓய்வு)
என் கதை சின்னது. எதிர் வீட்டு பீகார்க்காரருக்கு மூலம். மருந்துக் கடையில அவருக்காகத் தமிழ் பேசினது ஏழு வயசு மகன். வார்த்தை தெரியல, திரும்பி நின்னு காட்டினான். அவ்வளவுதான்.

ராயபுரம் தம்பி, அக்காகிட்ட இதைச் சொல்லுங்க. அமெரிக்காவுல மத்திய அரசுப் பணம் வாங்கற ஆஸ்பத்திரி இலவசமா மொழிபெயர்ப்பாளர் தரணும். உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர சின்னப் பிள்ளைய மொழிபெயர்க்க வெக்கக் கூடாதுன்னு 2016 விதியிலேயே இருக்கு. நாமதான் வாயைத் திறந்து கேக்கணும். நியூயார்க் ஸ்கூல் நோட்டீஸ் வங்காளத்துலயும் உருதுலயும் அச்சாகி வரும், தமிழ்ல எதிர்பார்க்காதீங்க. ஆனா போன்ல மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம். காலேஜ் உதவித்தொகைக்கு 'ஃபாஃப்சா' படிவம், அதைக் கடைசி நாள் வரைக்கும் இழுக்கக் கூடாது. பையனைத் தமிழ் படிக்க வையுங்க. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, கீழ கேன்டீன்ல தோசை கிடைக்கும். குளிர்காலத்துல வெயில் பத்தாது, வைட்டமின் டி பாத்துக்கணும். அப்புறம் பேங்க் விஷயத்துல, செயல்படாத கணக்குன்னா கே.ஒய்.சி. புதுசாக் குடுக்கணும்...

வியாசர்பாடிக்காரி
சார், அவர் கேட்டது இதை இல்ல.

ராயபுரம் மாமா
பரவால்ல, ஆஸ்பத்திரி விஷயம் தெரியாது, அக்காவுக்குச் சொல்லலாம்னு நேத்தே போன் போட்டேன். பையன் எடுத்தான். அம்மாகிட்ட குடுடான்னேன்.

"என்ன விஷயம் மாமா, என்கிட்ட சொல்லுங்க"ன்னான்.