புதுப்பிப்பு: பழைய சாம்ப்ளரின் மின்வழங்கியை மாற்றியாயிற்று

1980களின் இறுதியில் வந்த, ஒலிகளைப் பதிவுசெய்து இசைக்கும் கருவியான டிஜிட்டல் சாம்ப்ளர் ஒன்று சூடேறியதும் திரை மங்கி, தானே மறுதொடக்கம் ஆவதாக முன்பு எழுதி, மின்வழங்கியின் கெப்பாசிட்டர்களை (மின்தேக்கிகளை) மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருந்தேன். போதவில்லை, அவற்றிலிருந்து கசிந்த திரவம் மின்வழங்கிப் பலகையின் செம்புத் தடங்களையே அரித்திருந்ததால், +5, +12, -12 வோல்ட் மூன்றையும் தரும் புதிய எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் மின்வழங்கி) ஒன்றைப் பொருத்தினேன்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. பழைய மின்வழங்கியிலிருந்து மின்சாரம் மட்டுமன்றி, 5 வோல்ட் நிலைபெறும்வரை பிராசஸரை நிறுத்திவைக்கும் ரீசெட் சிக்னலும் தனிக் கம்பியில் சென்றது. கடையில் கிடைக்கும் பொதுவான மின்வழங்கியில் அது இல்லை. ஆகவே, மின்னழுத்தம் சுமார் 4.6 வோல்ட்டுக்குக் கீழிருக்கும்வரை ரீசெட்டைப் பிடித்துவைக்கும் மூன்று கால் ஐசி (சிப்) ஒன்றை மெயின் போர்டின் அருகிலேயே சேர்த்தேன். சர்வீஸ் மேனுவலை முழுவதும் படிக்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கனெக்டரைச் செருகுமுன் ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரால் சரிபாருங்கள். -12 வோல்ட் இடம் மாறிப் போனால் ஐசிகள் கருகிவிடும். 230 வோல்ட் இணைப்பில் மின்வழங்கியின் உள்ளீட்டுப் பக்கத்திலுள்ள பிரைமரி கெப்பாசிட்டர் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தேக்கியிருக்கும் என்பதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டே கை வைக்க வேண்டும். உலோகப் பெட்டிக்கு எர்த் கட்டாயம்.

இப்போது, சுமையோடு அளந்தாலும் 5 வோல்ட் அசையாமல் நிற்கிறது. அவுட்புட்டில் இருந்த இரைச்சலும் அடங்கிவிட்டது.