கலயம் கட்டிய 11-ஆம் நாள் முதல் முட்டை: வீட்டு ஃபின்ச் குருவிகளுடன் எங்கள் அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து

சென்ற ஆவணி மாதம் என் மகளின் பிறந்தநாளுக்காக ஒரு ஜோடி ஜீப்ரா ஃபின்ச் குருவிகளை வாங்கி வந்தோம். கூண்டு, ஒரு கிலோ தினை, சிறிய மண் கலயம் ஆகிய மூன்றையும் கடையில் சேர்த்தே கொடுத்ததால், கலயம் என்பது குருவி இரவில் உறங்குவதற்கான இடம் என்று எண்ணிக்கொண்டு அன்றைக்கே அதைக் கூண்டின் மேல் மூலையில் கம்பியால் கட்டிவிட்டேன். உறங்குவதற்கு இந்தக் குருவிக்கு ஒரு குச்சி போதும் என்பதும், கலயத்தைக் கண்டால் அது முட்டையிடவே தொடங்கிவிடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

கலயம் கட்டிய 11-ஆம் நாள் காலையில் முதல் முட்டை கிடந்தது. நிலக்கடலைப் பருப்பைவிடச் சற்றே பெரிதாக, வெள்ளை வெளேரென்று இருந்த அந்த முட்டையைப் பார்த்து வீடே மகிழ்ந்தது. அடுத்த நான்கு நாட்களும் நாளுக்கு ஒன்றாக இட்டு மொத்தம் ஐந்து ஆயின. மூன்று வாரம் கடந்தும் எதுவும் பொரிக்காததால், கெட்டுப்போன முட்டைகள் எதற்கு என்று நான் எடுத்து எறிந்தேன். ஒரே வாரத்தில் அது மீண்டும் இடத் தொடங்கியது. இரண்டாம் முறை ஆறு முட்டைகளில் இரண்டு பொரித்தன. மூன்றாம் நாள் இரு குஞ்சுகளும் கூண்டின் தரையில் இறந்து கிடந்தன. மூன்றாம் முறை இட்ட ஐந்தும் வீணாயின.

மார்கழி தொடக்கத்தில் நான்காம் முறை முட்டையிட்டபோதுதான் அந்தக் காலை வந்தது. கலயத்தில் மூன்று முட்டைகள் இருந்தன. பெண் குருவியோ இறகுகளையெல்லாம் உப்பிக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, தரையின் ஒரு மூலையில் கிடந்தது. மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் அதன் வால் மேலும் கீழும் அசைந்தது. பறவைகள் வளர்க்கும் உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அம்மிணி, முட்டை சிக்கியிருக்குது, வயித்தை மட்டும் அமுக்கிப் போடாதீங்க, உள்ளே முட்டை உடைஞ்சா உசுரு தங்காது" என்று முதல் வார்த்தையிலேயே சொன்னார். அவர் சொன்னபடி ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதன் ஒரு பக்கத்துக்கு மட்டும் குண்டு பல்பின் வெப்பம் படுமாறு வைத்து, அருகில் சுடுநீர்க் கிண்ணம் ஒன்றையும் வைத்து, வெதுவெதுப்பும் ஈரப்பதமும் கிடைக்கச் செய்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் சுண்ணாம்புச்சத்து மருந்தைச் சொட்டாகக் கொடுத்தார். பிற்பகலில் குருவி ஒரு தோல்முட்டையை வெளியேற்றியது. ஓடே இல்லாத வெறும் சவ்வு அது. குருவி பிழைத்துக்கொண்டது.

அன்றிரவுதான் கணக்குப் போட்டேன். அந்த ஒன்றையும் சேர்த்து நான்கு மாதங்களில் 20 முட்டைகள். ஜீப்ரா ஃபின்ச்சின் எடை 12 முதல் 15 கிராம் வரை இருக்கும். முட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிராம். தன் உடலெடையைக் காட்டிலும் அதிகமாக அந்தச் சிறு உயிர் முட்டையாகவே ஈந்திருக்கிறது, அதுவும் வெறும் தினையைத் தின்று. வாங்கி வந்தபோது அதன் அலகின் அடியில் சிறிது கருமை இருந்ததும் நினைவுக்கு வந்தது. இளங்குருவிகளின் அலகு கருப்பாக இருந்து பிறகே செம்மஞ்சளாக மாறும் என்று மருத்துவர் விளக்கினார். அப்படியென்றால் அது இரண்டு அல்லது மூன்று மாதக் குருவி. முட்டையிடும் திறன் அந்த வயதிலேயே வந்துவிடுகிறது. அதைத் தாங்கும் உடல் ஆறு மாதங்களுக்குப் பிறகே அமைகிறது. இந்தச் செய்தி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கலயத்தைப் பரணில் போட்டிருப்பேன்.

கூண்டு எங்கள் வீட்டுக் கூடமான ஆசாரத்தில், இரவு 11 மணி வரை விளக்கெரியும் இடத்தில்தான் தொங்கியது. அதுவும் ஒரு காரணமா என்று அறிய விரும்புகிறேன். புதிதாக வளர்ப்பவர்களுக்கு உதவும் வகையில் உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

நாமக்கல்லிலிருந்து

சகோதரி, விளக்கு நிச்சயமாக ஒரு காரணம். நான் முட்டைக்கோழிப் பண்ணையில் மேற்பார்வை செய்கிறேன். கோழிகள் தொடர்ந்து முட்டையிட வேண்டும் என்பதற்காகவே அங்கே பகல் வெளிச்சத்துடன் விளக்கையும் சேர்த்து நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறோம். உங்கள் ஆசாரத்து விளக்கு, நீங்கள் அறியாமலேயே அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஜீப்ரா ஃபின்ச்சின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலம். அங்கே மழை பெய்து புல் விதை பெருகினால் உடனே கூடு கட்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும். நம் வீட்டிலோ தீனி குறைவதில்லை, தண்ணீர் வற்றுவதில்லை, கலயமும் கண்ணெதிரே தொங்குகிறது. ஆகவே அதற்கு ஆண்டு முழுவதும் மழைக்காலமாகவே தோன்றும்.

தோல்முட்டையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புதான். தீனியில் அது கிடைக்காதபோது பறவை தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓட்டைக் கட்டுகிறது. அதுவும் தீர்ந்த பிறகு ஓடில்லாத முட்டை வருகிறது. அதற்கும் மேலாக, முட்டையை வெளியே தள்ளும் தசைகள் சுருங்குவதற்கும் இதே சுண்ணாம்புச்சத்துதான் வேண்டும். மெல்லிய ஓடும் தளர்ந்த தசையும் ஒன்றுசேர்வதால்தான் முட்டை உள்ளே சிக்குகிறது. குளிர் அதை இன்னும் மோசமாக்கும். பண்ணையில் தீவனத்துடன் கிளிஞ்சல் தூள் கலக்கிறோம். குருவிக்குக் கடைகளில் கடல் நுரை என்று விற்கும், கணவாய் என்னும் கடலுயிரின் ஓட்டைக் கூண்டில் கட்டிவிடுங்கள். கோழிமுட்டை ஓட்டை நன்றாகக் கொதிக்க வைத்து, காயவைத்து, நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தனக்கு வேண்டிய அளவைக் குருவியே கொத்தித் தின்னும். முட்டையிடத் தொடங்கிய பிறகு கொடுப்பதைவிட, ஒரு மாதத்திற்கு முன்பிருந்தே கொடுப்பது நல்லது.

உண்ட சுண்ணாம்பு உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும் என்பதால், காலை இளவெயில் சிறிது நேரம் நேரடியாகப் படும்படி கூண்டை வைத்து, ஒதுங்குவதற்கு ஒரு பக்கம் நிழலும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. பண்ணையிலிருந்து கோழி மருந்துகளை வாங்கி வந்து குருவித் தண்ணீரில் கலப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒன்றரைக் கிலோ கோழிக்கான அளவை 13 கிராம் குருவிக்குக் கண்ணளவாகக் குறைக்க எவராலும் முடியாது.

திருப்பூரிலிருந்து

எனக்கு நேர்ந்தது வேறு வகையான இழப்பு. எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் நூலுக்குப் பஞ்சமில்லை என்பதால், கூடு கட்டுவதற்காக அதைக் கைநிறையக் கொடுத்தேன். குருவி ஆசையோடு எடுத்துக் கட்டியது. குஞ்சுகள் வெளியே வர வேண்டிய நாளில் ஒரு குஞ்சு மட்டும் வரவில்லை. கலயத்தைப் பிரித்துப் பார்த்தபோது நூல் அதன் காலைப் பலமுறை சுற்றி இறுக்கி, பாதம் கருகிப்போயிருந்தது. அந்தக் குஞ்சை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நூல், தலைமுடி, பஞ்சு நார் ஆகிய எதையும் யாரும் வைக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் விளையும் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைக் கொண்டுவந்து விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுக்கிறேன். தேங்காய் நாரையும் அதேபோல் சிறிதாக வெட்டிக் கொடுக்கிறேன்.

முதல் முட்டையைக் கண்டதும் மீதமுள்ள புல்லைக் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். புல் கிடைத்துக்கொண்டே இருந்தால் ஆண் குருவி கட்டிக்கொண்டே இருக்கும். முட்டைகள் கீழே புதைந்துபோக, அவற்றின் மேல் இன்னொரு கூடு எழும்.

கோயம்புத்தூரிலிருந்து

சுருக்கமான ஓர் அனுபவம். பெங்காலி ஃபின்ச் ஜோடி என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கினேன். ஐந்தே நாட்களில் கலயத்தில் ஒன்பது முட்டைகள் இருந்தன. ஒரு குருவி ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் இடாது என்பதால் இரண்டும் பெண் என்று அப்போதுதான் புரிந்தது. ஆண் இல்லாமலேயே பெண் முட்டையிடும், அவை பொரிக்காது. ஜீப்ரா ஃபின்ச்சில் ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் திட்டும், மார்பில் வரிகளும், விலாவில் வெண்புள்ளிகளும் இருக்கும். பெங்காலியில் இருபாலும் ஒரே தோற்றம் என்பதால், பாடுவது எது என்று பொறுமையாகக் கவனித்தே ஆணை அறிய வேண்டும்.

சத்தியமங்கலத்திலிருந்து

நான் சந்தையில் ஃபின்ச் என்று வாங்கிய நான்கு குருவிகள் ஓராண்டாகியும் முட்டையிடவே இல்லை. மனிதரைக் கண்டாலே கம்பியில் மோதிக்கொண்டன. இறகு உதிர்ந்து புதிது முளைத்தபோது நிறமே மாறியது. சாயம் பூசி விற்ற, சில்லை என்னும் காட்டுக் குருவிகள் அவை. நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்தேன். முட்டையைப் பற்றி யோசிப்பதற்கு முன் கையில் இருப்பது என்ன குருவி என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

உடுமலைப்பேட்டையிலிருந்து

பதினைந்து ஆண்டுகளாக இந்தக் குருவிகளுடன் வாழ்கிறேன். கோபி சகோதரி எழுதியதைப் படித்தபோது என் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. பொரிக்காத முட்டைகளை எடுத்து எறிந்ததுதான் உங்கள் குருவியை அடுத்தடுத்து இட வைத்தது என்பது என் கருத்து. முட்டை காணாமற்போனால் அந்த இடத்தை நிரப்பவே குருவி முயலும். கெட்ட முட்டையானாலும் அப்படியே விட்டுவிடுங்கள். அது தானே சலித்து எழுந்த பிறகு, முட்டைகளுடன் கலயத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். முட்டையை எடுத்துக் கலயத்தை விட்டுவைப்பதுபோன்ற கெடுதல் வேறில்லை.

புதியவர்கள் பதற்றமடையும் இடம் ஒன்று உண்டு. முதல் முட்டை இட்ட அன்று குருவி அதன்மேல் உட்காராது. மூன்றாவது அல்லது நான்காவது முட்டைக்குப் பிறகே ஆணும் பெண்ணும் முறைவைத்து முழுமூச்சாக அடைகாக்கத் தொடங்கும். குஞ்சுகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பொரிக்க அதுவே காரணம். அதிலிருந்து 12 முதல் 14 நாட்களைக் கணக்கிடுங்கள். ஆறாம் ஏழாம் நாளில், இருட்டிய அறையில் கைபேசி விளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக்கூடியதில் செந்நிற நரம்புகள் வேர்போல ஓடும். கூடாதது மஞ்சளாகத் தெளிந்து தெரியும். மனிதக் கை பட்டால் குருவி சேர்க்காது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வீட்டில் பிறந்து வளர்ந்த ஃபின்ச்சைப் பொறுத்தவரை தொட்டதற்காக அது கைவிடுவதில்லை. மணிக்கொருமுறை கலயத்தில் எட்டிப் பார்ப்பதால்தான் கைவிடுகிறது. நான் ஒரு நாளைக்கு ஒரு தடவை, பெற்றோர் இரண்டும் தீனிக்கு இறங்கிய நேரத்தில் மட்டும் பார்ப்பேன்.

உங்கள் இரு குஞ்சுகளைப் பெற்றோர் கலயத்திலிருந்து வெளியே தள்ளியதற்கும் காரணம் உண்டு. அனுபவமில்லாத இளம் பெற்றோர் தள்ளும். குஞ்சுக்கு ஊட்டப் புரதம் கிடைக்காதபோதும் தள்ளும். பொரிப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே வேகவைத்த கோழிமுட்டையை மசித்து, முளைகட்டிய தினையுடன் சிறிதளவு வையுங்கள். நம் வெயிலில் அது விரைவில் கெட்டுவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பசியான குஞ்சுகளின் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டிருப்பதும், கழுத்தருகே தீனிப்பையில் தினை நிறைந்து தோல் வழியே தெரிவதும் நல்ல அடையாளங்கள்.

எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இரவும் பகலும் ஓயாது. அந்த இரண்டு மாதங்களும் நான் கலயமே வைப்பதில்லை. சித்திரை, வைகாசி வெயிலிலும் வைப்பதில்லை. வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே காய்ந்துவிடுகிறது. அடைகாக்கும் நாட்களில் குளிப்பதற்கு ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்தால், நனைந்த இறகோடு வந்து உட்கார்ந்து முட்டைக்கு வேண்டிய ஈரத்தைத் தாயே கொடுக்கும். கூண்டு நிற்கும் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். ஒரே இரவில் எறும்பு ஒரு கலயத்துக் குஞ்சுகளையும் முடித்துவிட்டதை நான் கண்டிருக்கிறேன்; அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

மூன்று வாரத்தில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவரும். அதன்பின் இரண்டு வாரம் பெற்றோர் ஊட்டும், பெரும்பாலும் தந்தையே ஊட்டும். அதற்குள் தாய் அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். ஆகவே குஞ்சுகள் குச்சியில் உறங்கப் பழகியதும் கலயத்தை எடுத்துவிடுவேன். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் ஒரு பெண் குருவியை நான் முட்டையிட விடுவதில்லை. குஞ்சுகள் தாமே தின்னத் தொடங்கிச் சில வாரங்களில் ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் கூண்டில் பிரித்துவிட வேண்டும். உடன்பிறப்பு என்ற வேறுபாடு அவற்றுக்குக் கிடையாது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து மீண்டும்

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. கலயத்தைக் கழற்றி, வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்துப் பரணில் ஏற்றிவிட்டோம். கூண்டை ஆசாரத்திலிருந்து கிழக்குத் திண்ணைக்கு மாற்றியிருக்கிறோம். பொழுது சாய்ந்ததும் துணி போர்த்தி உள்ளே எடுத்துவைக்கிறோம். நடுவில் கம்பித் தடுப்பு வைத்து இரண்டையும் பிரித்ததால் முதல் இரண்டு நாட்கள் ஒன்றையொன்று ஓயாமல் அழைத்தன. இப்போது தடுப்பின் இருபுறமும் ஒட்டியபடி ஒரே உயரக் குச்சியில் அமர்ந்து உறங்குகின்றன. பெண் குருவி கடல் நுரையைக் காலை வேளையில் வெகுநேரம் கொத்துகிறது. வாலடியில் உதிர்ந்திருந்த இறகுகள் முளைக்கத் தொடங்கியுள்ளன. அடுத்த ஆவணியில் அதற்கு ஒரு வயது கடந்திருக்கும். அதன்பிறகு, ஆடிக் காற்று அடங்கியிருந்தால், கலயத்தை இறக்கலாமா என்று மருத்துவரிடம் காட்டிக் கேட்பதாக மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.