தூக்கத்தில் அமுக்குவதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

தூக்கத்தின் விளிம்பில் நினைவு இருந்தும் சிறிது நேரம் உடலை அசைக்க முடியாமல் போகும் ஸ்லீப் பாராலிசிஸுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை தூக்க வாதம், உறக்க முடக்கம், துயிற்பிணிப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். தூக்க வாதத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுவோம். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரம்பூரில் ஒற்றை அறை போர்ஷன். நான் நாலாவது படிக்கும்போது தொடங்கியது. விடியற்காலையில் தெருமுனையில் பால் பாக்கெட் இறக்கும் சத்தம் கேட்கும், ஜீரோ வாட்ஸ் வெளிச்சத்தில் ஃபேன் சுற்றுவது தெரியும், அம்மா கையெட்டும் தூரத்தில் படுத்திருப்பார், ஆனால் கூப்பிட வாய் வராது. கண்ணை மட்டும் உருட்ட முடியும். நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கும். ஆயா கேட்டுவிட்டு, "அமுக்குவான் பேய்டா அது" என்று தலைமாட்டில் சாவிக்கொத்தும் கால்மாட்டில் துடைப்பமும் வைத்தார். பயம் போகவில்லை. ஆனால் நான் பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் அதற்கு அவரிடம் ஒரு பெயர் இருந்தது.

பதினேழு வயதில் ஒரு மருத்துவர் ஸ்லீப் பாராலிசிஸ் என்றார். அம்மா காதில் பாராலிசிஸ் மட்டும்தான் விழுந்தது. பிள்ளைக்கு பக்கவாதம் வரப்போகிறது என்று அழுதார். பல மாதம் காலையில் எழுந்ததும் என் காலைத் தொட்டு, "விரலை அசைடா" என்பார்.

வாதம் என்ற சொல் நம்மிடம் அவ்வளவு கனமானது. பக்கவாதம், இளம்பிள்ளை வாதம், முகவாதம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே நரம்பு எதுவும் கெடவில்லை. கனவு மிகுந்து வரும் தூக்கக் கட்டத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது, கிளைசின், காபா ஆகிய வேதிப்பொருள்கள் இயக்க நரம்பணுக்களை அடக்கிவிடுகின்றன. கனவில் ஓடினாலும் பாயிலேயே கிடப்பது அதனால்தான். கண் தசைக்கும் மூச்சை நடத்தும் உதரவிதானத்துக்கும் இந்தத் தடை இல்லை. விழிப்பு முந்திக்கொண்டு தடை விலகப் பிந்தினால், அந்தச் சில நொடி அல்லது சில நிமிடம்தான் இது. தூக்கம் கெட்டாலும் மல்லாந்து படுத்தாலும் கூடுதலாக வரும். ஆங்கிலப் பெயர் 1928இல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் வைத்தது. அதிலிருக்கும் பாராலிசிஸை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

ஜப்பானியர்கள் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள், உலோகத்தால் கட்டிப்போட்டது போல என்று பொருள். அதைப் பார்த்து நானும் முதலில் தூக்கக்கட்டு என்று எழுதி வைத்தேன். அப்புறம் யோசித்தால் நீர்க்கட்டு என்றால் நீர் நின்றுபோவது, மலக்கட்டு என்றால் மலம். தூக்கக்கட்டு என்றால் தூக்கம் வராத நோய் என்றுதான் யாரும் படிப்பார்கள். சரி, அதை விட்டேன்.

துயிற்பிணிப்பு அழகான சொல்தான், ஆனால் எனக்கு டிஸ்லெக்ஸியாவும், அதாவது எழுத்துகளைப் படிப்பதில் தடுமாற்றமும் உண்டு. இரண்டுக்கும் முடிச்சுப் போடவில்லை, எனக்கு இரண்டும் இருந்தன, அவ்வளவுதான். ன, ண, ள மூன்றும் ஒன்றாய்த் தெரியும். கொ என்று எழுதினால் ஒலியில் பின்னால் வருகிற கொம்பு எழுத்தில் முன்னால் நிற்கும், காலோ அந்தப் பக்கம் நிற்கும், நடுவில் மாட்டிய க எங்கே என்று விரல் வைத்துத் தேடுவேன். துயிற்பிணிப்பு என்பதில் ற், பி, ணி, ப், பு வரிசையாக வரும்போது இன்றைக்கும் ஒரு கணம் நின்றுதான் தாண்டுகிறேன். புணர்ந்த சொல் புலவருக்கு எளிது, எழுத்து தடுமாறும் பிள்ளைக்கு அது ஒரு சுவர். இரவில் பயந்து எழுகிற பிள்ளையும் படித்துச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும் என்பது என் ஒரே வேண்டுகோள்.

அதனால் ஆயாவின் சொல்லிலிருந்து பேயை மட்டும் கழற்றிவிட்டு, தூக்க அமுக்கம் என்று வைக்கலாம் என்கிறேன், இரண்டு சொல்லாகவே, சேர்க்காமல். எல்லோருக்கும் நெஞ்சு அமுங்குவதில்லையே, அசைய முடியாததுதானே முக்கியம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒருவரை அமுக்கிப் பிடித்தால் அவரால் அசைய முடியாது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உறக்க முடக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை, இரண்டாவதாக இருக்கட்டும்.

இன்னொன்று. கொடுங்கனவையும் இரவுத் திகிலையும் இதோடு கலக்க வேண்டாம். கொடுங்கனவு பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும், எழுந்த பிறகும் நினைவிருக்கும். இரவுத் திகில் முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில் வருவது, பிள்ளை அலறும், காலையில் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

நம் சொற்பட்டியலுக்கு என் வரைவு: தூக்க அமுக்கம் - தூங்கப் போகும்போதோ விழிக்கும்போதோ நினைவு இருந்தும் உடலை அசைக்க முடியாத சிறு நேரம், கண் அசையும், மூச்சு வரும், தானாக விலகும்.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் ரத்த அழுத்தத்தைக் குருதி அமுக்கம் என்றும் காற்றழுத்தத் தாழ்வைத் தாழமுக்கம் என்றும் புழங்குகிறீர்கள், தூக்க அமுக்கம் என்றால் உங்கள் பக்கத்தில் பிரஷர் நோய் என்று எடுத்துக்கொள்வார்களா?