கோமா பேரடைக் கொத்துக்கு ஏன் அண்மை அகச்சிவப்பு? கொழும்பில் இருந்து செய்யலாமா?

வெள்ளவத்தை_வானம்
கம்பஸில் பௌதிகவியல் இறுதி வருடம் படிக்கிறேன். ஆய்வுக்குக் கோமா பேரடைக் கொத்தை (ஈர்ப்பால் ஒன்றுசேர்ந்த பல பேரடைகளின், அதாவது கேலக்சிகளின், கூட்டம்) எடுக்க ஆசை. ஆனால் வாசிக்கிற இடமெல்லாம் அண்மை அகச்சிவப்பு, அதிலும் 2.2 மைக்ரோன் அலைநீளத்தைச் சுற்றிய கே பட்டை என்றே வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே நல்ல படங்கள் இருக்கும்போது ஏன் 2.2 மைக்ரோனுக்குப் போகிறார்கள் என்பது வடிவாக விளங்கவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா, இல்லை தலைப்பை மாற்றவா? இந்தக் கிழமை மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும்.

தென்திசை
மாற்ற வேண்டாம் தங்கச்சி. நீல ஒளியில் பார்த்தால், புதிதாகப் பிறந்த கொஞ்சச் சூடான நட்சத்திரங்களே பேரடை முழுவதையும் பிரகாசமாகக் காட்டிவிடும், ஆனால் மொத்த நிறையில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. கே பட்டையில் வருவது பெரும்பாலும் வயதான சிவப்பு இராட்சத நட்சத்திரங்களின் ஒளி, அதனால் அதை அளந்தால் நட்சத்திரங்களாக இருக்கும் நிறையை ஏறக்குறைய அளந்த மாதிரித்தான். தூசும் நீலத்தை மறைப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கே பட்டையை மறைக்காது. பால்வீதியின் தூசுக்குப் பின்னால் கிடக்கும் நோர்மா கொத்தைப் படிக்க இது பெரிய உதவி. தூரத்துக் கொத்துகள் என்றால் வேறு வழியே இல்லை: செந்நகர்வு (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீள்வது) 1.5 என்றால், பழைய பேரடைகளின் நிறமாலையில் 0.4 மைக்ரோனில் ஒளி திடீரென மாறும் முறிவு 1 மைக்ரோனுக்கு வந்துவிடும்.

மொறட்டுவை_லென்ஸ்
கொழும்பு வானத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். இந்த ஈரப்பதனில் நீராவியே பாதியை விழுங்கிவிடும், கே பட்டையில் சூடான காற்றும் தொலைநோக்கியும் தாங்களே ஒளிரும், சாதாரணக் கமராக்களின் சிசிடி உணரியும் 1.1 மைக்ரோனோடு நின்றுவிடும். விஸ்டா என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியை சிலியில் 2500 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் வைத்தது சும்மா இல்லை. உங்களுக்கு டூமாஸ் (2MASS) என்ற வான அளவீடு இருக்கிறது. அரிசோனாவிலும் சிலியிலும் 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் இரண்டை வைத்து 1997 முதல் 2001 வரை முழு வானத்தையும் ஜே, எச், கே என்ற மூன்று அண்மை அகச்சிவப்புப் பட்டைகளில் எடுத்தார்கள். விரிந்த பொருட்களின் (புள்ளியாக இல்லாமல் பரந்து தெரிபவை, பெரும்பாலும் பேரடைகள்) பட்டியலில் மட்டும் 16 இலட்சம் இருக்கும், எல்லாம் இலவசம். லப்டொப் போதும்.

வெள்ளவத்தை_வானம்
மிக்க நன்றி! அப்போ கோமா பக்கம் இருக்கிற பேரடைகளை இறக்கி, கே ஒளியைக் கூட்டினால் சரிதானே?

தென்திசை
அங்கேதான் கவனம் வேண்டும். பின்னால் இருக்கிற பேரடைகளும் அந்தக் கூட்டலில் வந்துவிடும். நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று தோன்றும், ஆனால் பக்கத்துப் பேரடைகள் நீள்வட்டமோ சுருளோ, எல்லாமே ஜே-கே நிறத்தில் (அந்த இரு பட்டைகளின் ஒளியளவு எண்களின் வித்தியாசம்) 1 என்ற அளவைச் சுற்றித்தான் நிற்கும். தூரத்தில் உள்ளவை கொஞ்சம் சிவக்கும், அதை வைத்து ஓரளவு கழிக்கலாம், முழுக்க நம்ப முடியாது. ஸ்லோன் (SDSS) என்ற இன்னொரு வான அளவீட்டில் கோமாவுக்கு நிறமாலைச் செந்நகர்வுகள் இருக்கின்றன, முதலில் அவற்றோடு பொருத்திப் பாருங்கள். செந்நகர்வில் இருந்து கிடைக்கும் கொத்தின் சராசரி விலகல் வேகம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 7000 கிலோமீட்டர். 4000க்கும் 10,000க்கும் இடையில் வருகிறவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மையத்தில் இருந்து 1 பாகை ஆரத்துக்குள் தொடங்குங்கள். மேற்பார்வையாளருக்கு அந்த முதல் வரைபடத்தையே காட்டலாம்.