நோயாக்கியா நோய்க்கிருமியா?

எல்லாருக்கும் வணக்கம். கிணத்துத் தண்ணி பற்றின துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகோணும். வரைபு முழுக்க "கிருமி" எண்டு கிடக்கு. தயிர் உறைய வைக்கிற பற்றீரியாவும் கிருமி, நெருப்புக்காய்ச்சல் தாறதும் கிருமி எண்டா சனம் என்னெண்டு பிரிக்கிறது? பொதுவுக்குப் பாடப்புத்தகத்து நுண்ணங்கி இருக்கு. நோய் தாறதுக்கு ஒரு சொல் தாங்கோ.
– ரீச்சர்

ரீச்சர், நோயாக்கி. ஆக்கு+இ, மண்வெட்டிக்கு வாற அதே இகரம். கிருமி வடசொல், அங்க அதுக்குப் புழு எண்டுதான் பொருள். வைணவக் கதையில வாற கிருமிகண்ட சோழனுக்குக் கழுத்தில புழு வைச்சதாம், கண்டம் எண்டா கழுத்து, கிருமியைக் "கண்ட" சோழன் எண்டு சொல்லித் திரியிறவையும் இருக்கினம், அதை விடுவம். மானிப்பாயில அமெரிக்க மிசனரி கிறீன் வைத்தியர் உடற்கூறு, இரண வைத்தியம் எல்லாம் தமிழில தந்திட்டு 1873இல ஊருக்குப் போட்டார். ஜேர்மன் விஞ்ஞானி கொக் காசநோய்க் கிருமியைக் காட்டினது 1882. கிறீன் பத்து வருசம் கூட நிண்டிருந்தா இதுக்கும் ஒரு தமிழ்ச் சொல் தந்திருப்பார், இந்தச் சண்டையே இல்லை.
– தமிழ் மாஸ்டர்

மாஸ்டர், நீங்களே "காசநோய்க் கிருமி" எண்டுதானே எழுதியிருக்கிறியள்! நுண்ணங்கியில வாற அங்கி மட்டும் என்ன, அங்கம் உடையது அங்கி, அதுவும் வடமொழிதான். என்ர வகுப்புப் பிள்ளையளுக்கு அங்கி எண்டா சுவாமிமார் போடுறது.
– விஞ்ஞான வாத்தியார்

லாப்பில இருந்து நான் சொல்லுறன், நோயாக்கி சாதிப்பேர் இல்லை, செய்யிற வேலைக்குப் பேர். ஈ.கோலை எண்ட பற்றீரியா குடலில சும்மா கிடக்கும், அதே ஆள் சலப்பாதைக்குள்ள போனா தொற்று. சில வகை குடலிலயே வயித்தோட்டம் தரும். வட்டப்புழுவும் நோயாக்கிதான், ஆனா கண்ணுக்குத் தெரியும், நுண்ணங்கி எண்டேலாது. தண்ணி ரிப்போட்டில வாற கோலிபோம் எண்ட பற்றீரியாக் கூட்டத்தையும் நோயாக்கி எண்டு போட்டிடாதேங்கோ. அதில அநேகமானது ஒண்டும் செய்யாது, மலம் கலந்திருக்கலாம் எண்டு காட்டிக் குடுக்கிறதுதான் அதின்ர வேலை.
– தம்பி

நல்லது தம்பி, ஆனா பிரசுரம் வாசிக்கப்போறது எங்கட பக்கத்து வீட்டு ஆச்சி. நோயாக்கி எண்டா சமையல் ஏதோ எண்டு நினைப்பா. நோய்க்கிருமி எண்டா ஒருத்தருக்கும் விளக்கம் வேண்டாம்.
– வாத்தியார்

ஆச்சிக்கு டெங்கு விளங்கினதுதானே, அதென்ன சங்கத்தமிழோ?
– மாஸ்டர்

சரி, கனபேர் நோய்க்கிருமி எண்டிட்டியள், எனக்கும் இனி ஏலாது. முதல் பந்தியில மட்டும் "நோய்க்கிருமி அல்லது நோயாக்கி" எண்டு போடுறன்.
– ரீச்சர்

போடுங்கோ. நான் உடன்படேல்லை எண்டதையும் குறிச்சு வையுங்கோ. இனி "குளோரீன் போட்டா கிருமி சாகும்" எண்ட வரியை என்ன செய்யப்போறியள்? குளோரீன் நல்லது கெட்டது பாக்கிறேல்லை, அதில நுண்ணங்கி எண்டுதான் வரோணும்.
– மாஸ்டர்